தொலைவிலிருந்து ஃபர்ம்வேர் அனுப்பும்போது செய்யக்கூடாத தவறுகள்

பினாங்கில் பாலேக் பூலாவ் மலைச்சரிவில் ஒரு டுரியான் தோட்டம். அங்கே தண்ணீர்ப் பம்புகளை இயக்க ஆறு சின்னக் கருவிகளை வைத்திருந்தோம். ஒவ்வொன்றிலும் கருவியின் மூளையாக ஒரு ஈஎஸ்பி32 சிப், இணைய இணைப்புக்கு ஒரு மோடம், ஒரு சிம் கார்டு. ஒரு நாள் காலை, பாயான் லெப்பாஸில் என் மேசையில் இருந்தபடியே புதிய ஃபர்ம்வேரை, அதாவது கருவிக்குள் இருந்து அதை இயக்கும் மென்பொருளை, அனுப்பினேன். ஆறும் அதை இறக்கிக்கொண்டு மறுபடி கிளம்பின. பம்புகளும் குறித்த நேரத்துக்கு ஓடின. ஆனால் அப்புறம் ஒன்றுகூட சர்வரோடு பேசவில்லை. மோடத்தை எழுப்பும் பகுதியில் ஒரே ஒரு வரி பிசகியிருந்தது. திருத்த ஐந்து நிமிடம் போதும், ஆனால் அனுப்பத்தான் வழி இல்லை. மடிக்கணினியும் யூஎஸ்பி கேபிளுமாக மலை ஏறினேன். தோட்டத்து ஐயா ஒவ்வொரு கம்பத்திலும் எனக்காக ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இதைத் தடுக்கும் வசதி அந்த சிப்பிலேயே இருக்கிறது. ஃபிளாஷ் நினைவகத்தில் ஃபர்ம்வேருக்கு இரண்டு இடம் ஒதுக்கலாம். ஒன்றில் பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்றதில் புதியது இறங்கும். இறங்கி முடிந்ததும், கருவி தொடங்கும்போது முதலில் ஓடும் பூட்லோடர் என்ற சிறு நிரல் புதியதைக் கிளப்பிப் பார்க்கும். புதியது "நான் நன்றாக இருக்கிறேன்" என்று உறுதி சொல்லாமல் மறுதொடக்கம் ஆனால், பூட்லோடர் பழையதற்கே திரும்பிவிடும். ஆனால் இந்தத் திரும்பும் வசதியை நாம்தான் அமைப்புகளில் இயக்க வேண்டும். இயல்பில் அது அணைந்திருக்கும். அதை நாங்கள் இயக்கித்தான் இருந்தோம். உறுதி சொல்லும் வரியை நிரலின் தொடக்கத்திலேயே போட்டதுதான் எங்கள் தவறு. மோடம் எழுந்ததா என்று பார்க்கும் முன்பே கருவி தனக்குத்தானே சான்று கொடுத்துவிட்டது.

பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள் என்பது என் கருத்து. விளக்கு எரிகிறது, சென்சார் எண் காட்டுகிறது, எனவே ஃபர்ம்வேர் நல்லது என்று முடிவு கட்டுகிறோம். தொலைவில் இருக்கும் கருவிக்கு அது போதாது. அடுத்த ஃபர்ம்வேரை இதே கருவியால் வாங்க முடியுமா என்பதுதான் கேள்வி. சர்வரோடு பாதுகாப்பான இணைப்பு கிடைத்து, "எனக்கு ஏதாவது புதியது இருக்கிறதா" என்று கேட்டு, பதிலும் வந்த பிறகே உறுதி சொல்ல வேண்டும். பத்து நிமிடத்தில் அது நடக்காவிட்டால் கருவி தானாக மறுதொடக்கம் ஆகட்டும். அந்த நேரம் பார்த்து சிக்னல் இல்லாவிட்டால் நல்ல ஃபர்ம்வேரும் திரும்பிவிடுமே என்று கேட்கலாம். திரும்பட்டும், நாளை மறுபடி முயலலாம். ஒரே பதிப்பை எத்தனை தடவை முயலலாம் என்று மட்டும் வரம்பு வையுங்கள். இல்லாவிட்டால் சிம் டேட்டா கரைவதோடு ஃபிளாஷும் தேயும்.

அடுத்த தவறு, கருவி மாறி அனுப்புவது. 2017 ஆகஸ்டில் அமெரிக்காவின் லாக்ஸ்டேட் நிறுவனம், 7ஐ என்ற இணையப் பூட்டுக்கான ஃபர்ம்வேரை 6ஐ பூட்டுகளுக்கு அனுப்பிவிட்டது. ஏறக்குறைய 500 பூட்டுகள் முடங்கின. அவற்றில் பல, ஏர்பிஎன்பி வழியாக வீடு வாடகைக்கு விடுபவர்கள் வைத்திருந்தவை. இணைப்பே போய்விட்டதால் தொலைவிலிருந்து சரிசெய்யவும் முடியவில்லை. எந்த மாடலுக்கு, எந்த போர்டுக்கு என்ற விவரம் ஃபர்ம்வேர் கோப்புக்குள்ளேயே இருக்க வேண்டும். பொருந்தாததைக் கருவியே மறுக்க வேண்டும். அனுப்புபவரின் கவனத்தை மட்டும் நம்பக்கூடாது.

ஃபர்ம்வேர் கோப்பை அனுப்பியது நாம்தான் என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம் பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. "எஸ்எச்ஏ-256 சரிபார்க்கிறோம், போதும்" என்பார்கள். அது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஒரு எண். கோப்பு வழியில் சிதையவில்லை என்பதைத்தான் அது காட்டும், யார் அனுப்பியது என்று சொல்லாது. கோப்பை மாற்றத் தெரிந்தவனுக்கு அந்த எண்ணையும் மாற்றத் தெரியும். சரி, ரகசியச் சாவி வைத்துச் சரிபார்க்கலாம் என்றால், எல்லாக் கருவிக்கும் ஒரே சாவியைப் போடுவது அதைவிட ஆபத்து. 2016-இல் இஸ்ரேலின் வெய்ஸ்மன் நிறுவனத்தையும் கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள், ஃபிலிப்ஸ் ஹியூ விளக்கின் மின் நுகர்வை அளந்தே அதன் ஃபர்ம்வேர் சாவியைக் கண்டுபிடித்தார்கள். அந்த வகை விளக்குகள் எல்லாவற்றிலும் அதே சாவி என்பதால், ஒரு விளக்கிலிருந்து பக்கத்து விளக்குக்குத் தாவும் புழுவைச் செய்ய முடியும் என்று காட்டினார்கள். அதனால் கருவிக்குள், கையொப்பத்தைச் சரிபார்க்க மட்டுமே உதவும் பொதுச் சாவி மட்டும் இருக்கட்டும். கையொப்பமிடும் தனிச்சாவி உங்களிடம் பூட்டி இருக்க வேண்டும். அது ஒரு பொறியாளரின் மடிக்கணினியில் கிடந்தால், அவர் வேலை மாறிப் போகும்போது சாவியும் கூடவே போகும்.

எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பாதீர்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான ஒரே ஒரு கோப்பு சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியதாக மைக்ரோசாப்ட் கணக்கிட்டது. அது ஃபர்ம்வேர் இல்லைதான், ஆனால் பாடம் ஒன்றே. முதலில் அலுவலகத்தில் இருக்கும் கருவிகள், அப்புறம் நூற்றுக்கு ஒன்று, ஒரு நாள் பார்த்துவிட்டுப் பத்து, பிறகு மீதி. எல்லாக் கருவிகளும் அதிகாலை இரண்டு மணிக்குச் சரியாக சர்வரைத் தட்டும்படியும் வைக்க வேண்டாம். ஆளுக்கு ஒரு தற்செயல் தாமதம் கொடுங்கள்.

சர்வர் உண்மையானதுதான் என்று காட்டும் சான்றிதழ்களுக்கும் நெட்வொர்க்குக்கும் ஆயுள் உண்டு என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். மலேசியாவில் 2021 முடிவோடு 3ஜி சேவை நிறுத்தப்பட்டது. அதை மட்டுமே நம்பிய மோடத்துக்கு இனி எந்த ஃபர்ம்வேரையும் சிம் வழியாக அனுப்ப முடியாது. அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று, சர்வர்களுக்கு இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு சார்ந்திருந்த ஒரு பழைய ரூட் சான்றிதழ், அதாவது மற்றவற்றுக்கு அடிப்படையான மூலச் சான்றிதழ், காலாவதியானது. புது ரூட்டை முன்கூட்டியே பெறாத பல பழைய கருவிகள் சர்வரை நம்ப மறுத்தன.

நம் ஊரில் சாயங்கால இடிமழைக்கு மின்சாரம் ட்ரிப் ஆவது சாதாரணம். எனவே ஃபர்ம்வேர் இறங்கும் நடுவிலும், எழுதும் நடுவிலும், முதல் மறுதொடக்கத்தின் நடுவிலும் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். ஒரு தடவை அல்ல, ஐம்பது தடவை. நான் இப்போது ஒரு டைமர் ரிலே வைத்து இரவு முழுவதும் அதைச் செய்ய விடுகிறேன்.

நாளும் பார்க்க வேண்டும். தைப்பூசத்துக்கு முந்திய மாலை, எங்கள் குழுவில் பாதிப்பேர் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள், அல்லது வழியில் தண்ணீர்ப்பந்தலில் நிற்பார்கள். அன்று எதையும் வெளியிடுவதில்லை என்று எழுதியே வைத்திருக்கிறோம். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத்தான் முதல் தொகுதி போகும். பாலேக் பூலாவ் கருவிகள் எப்போதும் கடைசித் தொகுதியில்.