ஐட்லிங்ல வண்டி ஆடுதா? சென்சார் மாத்துறதுக்கு முன்னாடி வேக்கம் லீக் பாருங்க

சிக்னல்ல நிக்கும்போது ஆர்பிஎம் முள்ளு ஏறி இறங்கிட்டே இருக்கு, செக் எஞ்சின் லைட் எரியுது, ஸ்கேன் பண்ணா பி0171ன்னு லீன் கோட் (காத்து அதிகம், பெட்ரோல் கம்மின்னு அர்த்தம்) வருது. உடனே நிறைய பேர் ஆக்சிஜன் சென்சாரை மாத்திடறாங்க, காசுதான் போகும். அந்த சென்சார் உள்ளதைத்தான் சொல்லுது, பெரும்பாலும் த்ராட்டிலைத் (காத்தை உள்ள விடற வால்வு) தாண்டி எங்கயோ கணக்குல வராத காத்து உள்ள போகுது, அதுதான் வேக்கம் லீக். (பெட்ரோல் வண்டிக்குத்தான் இது, டீசல் கதை வேற.)

முதல்ல ஒரு ப்ளூடூத் ஓபிடி அடாப்டர் (வண்டியோட கம்ப்யூட்டரைப் போன்ல படிக்கிற கருவி) போட்டு ஃப்யூயல் ட்ரிம் பாருங்க, அதாவது ஈசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுது, குறைக்குதுன்னு. எஞ்சின் நல்லா சூடான பிறகு ஐட்லிங்ல ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம்னு வர்ற ட்ரிம் ரெண்டையும் கூட்டுங்க. ப்ளஸ் மைனஸ் 10 சதவீதத்துக்குள்ள இருந்தா ஓகே. ப்ளஸ் 20, 25ன்னு நின்னுட்டு, 2500 ஆர்பிஎம்ல பிடிச்சா 5 கிட்ட இறங்குதுன்னா பெரும்பாலும் வேக்கம் லீக்தான், ஏன்னா ஐட்லிங்ல எஞ்சின் இழுக்கிற காத்தே கொஞ்சம், அதுல ஓட்டை வழியா வர்றது பெரிய பங்கு, த்ராட்டில் திறந்துட்டா அது தெரியவே தெரியாது. ஆர்பிஎம் ஏற ஏற ட்ரிம்மும் ஏறுதா, அப்போ ஃப்யூயல் பம்ப், ஃபில்டர், மாஃப் சென்சார் (உள்ள போற காத்தை அளக்கிறது) பக்கம் போங்க.

இந்தக் கணக்கு மாஃப் சென்சார் இருக்கிற வண்டிக்கு. மாருதி ஆல்ட்டோ மாதிரி மேப் சென்சார் (இன்டேக் மேனிஃபோல்ட்ல, அதாவது எஞ்சினுக்குக் காத்து போற குழாய்ல, அழுத்தத்தை அளக்கிறது) வச்ச வண்டில லீக் ஆனா ஈசியூ அந்தக் காத்துக்கும் சேர்த்தே பெட்ரோல் அடிச்சிடும், ட்ரிம் பெருசா மாறாது, ஐட்லிங் மட்டும் ஏறிப் போய் நிக்கும். அங்க ட்ரிம்மை நம்பி லீக் இல்லன்னு முடிவு பண்ணிடாதீங்க.

அடுத்து ஓட்டையைத் தேடணும். பிசிவி ஹோஸ்ல (எஞ்சின் உள்ள சேர்ற ஆவியை இன்டேக்குக்குக் கொண்டு போற குழாய்) இருந்து ஆரம்பிங்க. மேல பாத்தா புதுசு மாதிரி இருக்கும், வளையுற இடத்துல அடிப்பக்கம் விரல் விட்டு மடக்கிப் பாருங்க, வெடிப்பு வாயைத் திறக்கும். அப்புறம் ஒரு நீள ரப்பர் குழாயோட ஒரு முனையைக் காதுல வச்சு, இன்னொரு முனையை ஹோஸ் ஜாயின்ட் ஒவ்வொண்ணுகிட்டயும் கொண்டு போங்க, 'ஸ்ஸ்'னு சத்தம் வர்ற இடம் நல்லா கேக்கும். ஃபேன், பெல்ட் பக்கம் கை போகாம பாத்துக்கோங்க.

பர்ஜ் வால்வை (கேனிஸ்டர்ங்கிற டப்பால சேர்ற பெட்ரோல் ஆவியை எஞ்சினுக்கு விடற வால்வு) யாரும் கண்டுக்கிறதே இல்ல. பெட்ரோல் போட்டதும் வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடிச்சா அது மேல சந்தேகப்படுங்க. கேனிஸ்டர் பக்கத்துல இருந்து வர்ற ஹோஸைக் கழட்டிட்டு, எஞ்சின் சூடாகறதுக்கு முன்னாடி ஐட்லிங்ல வால்வு வாயை விரலால மூடுங்க, விடாம இழுத்துச்சுன்னா வால்வு மூடாம நிக்குது. பிரேக் மிதிக்கும்போது ஐட்லிங் மாறுதா, பெடல் கெட்டியா இருக்கா, அப்போ பிரேக் பூஸ்டரையும் (பெடலை லேசாக்கறது) அதோட ஹோஸையும் பாருங்க. இதுல மட்டும் நாள் கடத்தாதீங்க.

கார்ப் க்ளீனர் அடிச்சுப் பாக்கிறது பழைய வழி, அடிச்ச இடத்துல ஆர்பிஎம் மாறினா லீக் அங்கதான். ஆனா அது தீப்பிடிக்கிற சரக்கு, சூடான எக்ஸாஸ்ட் பக்கத்துல வேண்டவே வேண்டாம். சோப்புத் தண்ணியைக் கொஞ்சமா ஜாயின்ட்ல தெளிச்சாலும் ஒரு நிமிஷம் ஓட்டை அடைபட்டு ஐட்லிங் சரியாகும், வயரிங், கனெக்டர் மேல மட்டும் படாம பாத்துக்கோங்க. இதுலயும் பிடிபடலன்னா ஸ்மோக் டெஸ்ட் (புகை விட்டு ஓட்டையைத் தேடறது) பண்ற கடைக்குப் போயிடுங்க.

காலைல மட்டும் ஆடி, சூடானதும் தானா சரியாகுதுன்னா இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கெட்டைப் (மேனிஃபோல்ட் எஞ்சினோட சேர்ற இடத்துல இருக்கிற சீல்) பாருங்க. சூட்டுல விரிஞ்சு அடைச்சுக்கும், அதனால க்ளீனர், சோப்புத் தண்ணி டெஸ்ட்டை ராத்திரி முழுக்க நின்ன வண்டில, முதல் ஸ்டார்ட்லயே பண்ணிடணும்.