வன்னியிலிருந்து ஒரு நாள் கொழும்பு: ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு

வன்னியில் கொழும்புக்குப் போகாத வீடு குறைவு. போவதெல்லாம் கடவுச்சீட்டுக்கு, தூதரகத்துக்கு, பெரியாஸ்பத்திரிக்கு, இல்லையென்றால் யாரையாவது கட்டுநாயக்காவில் ஏற்றிவிட. வேலை முடிந்ததும் கிடைக்கிற பஸ்ஸில் திரும்பிவிடுவோம். சண்டைக் காலத்தில் போய் வந்தவர்களுக்கு லொட்ஜ் அறையும் பொலிஸ் பதிவும்தான் ஞாபகத்தில் இருக்கும். பார்ப்பதற்கென்றே ஒரு நாளை ஒதுக்கி அந்த நகரத்தைப் பார்த்தவர்கள் நம்மில் மிகக் குறைவு, அது மாற வேண்டும் என்று நான் மெய்யாகவே ஆசைப்படுகிறேன். மாதர் சங்கமோ அறநெறிப் பாடசாலையோ விளையாட்டுக் கழகமோ சொந்தக்காரர் கூட்டமோ, பத்துப் பதினைந்து பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டப் போகிறவருக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், எதை விடுவது என்று முடிவெடுங்கள். வழக்கமான சுற்றுலாவில் தெஹிவளை மிருகக்காட்சிசாலை, தாமரைக் கோபுரம், பெரிய கடைத்தொகுதி என்று எல்லாவற்றையும் திணித்து, பாதி நாளை வாகன நெரிசலுக்குள் கழித்துவிட்டு வருவார்கள். தாமரைக் கோபுரம் 350 மீற்றர் உயரம், மேலே நின்றால் நகரம் முழுக்கத் தெரியும், ஆட்கள் மட்டும் தெரியமாட்டார்கள். ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் கொச்சிக்கடையிலிருந்து புறக்கோட்டை வரை காலையில் நடந்துவிடுங்கள். இரண்டு கிலோமீற்றருக்குள் சைவரும் கத்தோலிக்கரும் செட்டிமாரும் முஸ்லிம்களும் சிங்களவரும் பறங்கியரும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்து கட்டியெழுப்பின இடம் அது. மத்தியானத்துக்கு மேல் வேறு மூன்று இடம் போதும்.

நாள் பார்ப்பது முக்கியம். ஞாயிற்றுக்கிழமை புறக்கோட்டையில் பாதிக் கடை பூட்டு. செவ்வாய் என்றால் அந்தோனியார் கோவிலில் நிற்க இடமிருக்காது (சனத்தைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் செவ்வாய் நல்லதுதான்). வெள்ளி மத்தியானம் பள்ளிவாசலில் ஜும்ஆத் தொழுகை, உள்ளே போய்ப் பார்க்க முடியாது. ஆகவே சனிக்கிழமை, பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் இல்லை. பொது விடுமுறை நாள் என்றால் நூதனசாலை திறந்திருக்குமா என்று முதல் நாளே விசாரித்துவிடுங்கள்.

கிளிநொச்சியிலிருந்து றோட்டால் கொழும்பு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல், எப்படியும் இரவுப் பயணம்தான். ரயிலில் இடம் கிடைத்தால் வயதானவர்களுக்கு அது சுகம், ஆனால் நேர அட்டவணை மாறிக்கொண்டே இருப்பதால் நிலையத்திலேயே கேட்டு உறுதிப்படுத்துங்கள். பஸ் என்றால் பெரும்பாலும் புறக்கோட்டையைத் தொட்டு வெள்ளவத்தை வரை போகும், விடிய முதல் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். அந்த நேரத்தில் பெண்களும் வயதானவர்களும் முகம் கழுவ இடமில்லாமல் அந்தரப்படுவதுதான் இப்படியான பயணங்களைக் கெடுக்கிற முதல் விஷயம். கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு லொட்ஜில் இரண்டு அறையை அரை நாளுக்கு முதலே பேசி வைத்துவிட்டால் குளித்து, உடுப்பு மாற்றி, பைகளையும் அங்கேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு நடக்கலாம். பிரித்துக் கட்டினால் ஆளுக்குப் பெரிய காசு வராது.

இன்னொன்று, வெளிக்கிட முதலே கூட்டத்தில் உள்ள பெரியவர்களிடம் கேளுங்கள்: கொழும்பில் உங்களுக்குப் பார்க்க வேண்டிய இடம் ஏதாவது இருக்கிறதா? 83 ஆடிக் கலவரத்துக்கு முதல் கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ வேலை பார்த்தவர், கடை வைத்திருந்தவர், அந்த ஆடியோடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வடக்கே வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறியவர் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர் கேட்கிற ஒரு தெருவுக்கு அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். நீங்கள் படித்துவிட்டுச் சொல்வதைவிட அவர் அந்த இடத்தில் நின்று சொல்வதை பிள்ளைகள் கூர்ந்து கேட்பார்கள்.

எல்லோரும் அடையாள அட்டை கொண்டுவர வேண்டும். தோளும் முழங்காலும் மூடின உடுப்பு, லேசாகக் கழற்றக்கூடிய செருப்பு, ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல், சில்லறைக் காசு. உங்கள் தொலைபேசி இலக்கத்தைக் கடதாசியில் எழுதி ஒவ்வொரு பிள்ளையின் பைக்குள்ளும் வையுங்கள்.

சரி, நடக்கத் தொடங்கலாம். காலைப் பூசைக்கு கொச்சிக்கடை பொன்னம்பலவாணேஸ்வரர் கோவில். பொன்னம்பல முதலியார் கட்டிய கோவிலை அவருடைய மகன் சேர். பொன். இராமநாதன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முழுக்கக் கருங்கல்லால் திருப்பிக் கட்டினார். சீமெந்துக் கோபுரங்களையே பார்த்துப் பழகின பிள்ளைகளுக்கு அந்தத் தூண்களைத் தொட்டுப் பார்க்க விடுங்கள். வெளிச்சம் குறைந்த மண்டபம், காலை வேளையில் மிக அமைதியாக இருக்கும்.

அங்கிருந்து கொஞ்ச நடையில் புனித அந்தோனியார் கோவில். ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்திருந்த காலத்தில் கொச்சியிலிருந்து வந்த அந்தோனி என்ற குருவானவர் வியாபாரி வேடத்தில் ஒளிந்திருந்தார் என்றும், மீனவர்கள் கேட்டுக்கொண்டதால் சிலுவையை நட்டு மன்றாடி கடலரிப்பை நிறுத்தினார் என்றும் கதை சொல்வார்கள். மடு மாதா கோவிலுக்கு நம் சைவச் சனம் போவதுபோல இங்கேயும் எல்லாச் சமயத்தவரும் வருகிறார்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று குண்டு வெடித்த கோவில்களில் இதுவும் ஒன்று, இறந்தவர்களில் பலர் தமிழர். உள்ளே போக முதல் வாசலுக்கு வெளியிலேயே இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள், உள்ளே ஒன்றும் பேச வேண்டாம். பைகளைச் சோதிப்பார்கள், பொறுமையாக இருங்கள்.

அப்புறம் செட்டியார் தெரு. இருபக்கமும் நகைக்கடை, நடுவில் பழைய கதிரேசன், புதிய கதிரேசன் கோவில்கள். ஆடிவேல் தேர் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் புறப்படுவது இங்கிருந்துதான், நாட்டுக்கோட்டைச் செட்டிமார் தொடங்கி வைத்த விழா. கலியாணம் வைத்திருக்கிறவர்கள் நகைக்கடைக்குள் நுழைந்தால் வெளியே எடுப்பது கஷ்டம், எனவே விலை கேட்க இருபது நிமிடம் என்று முதலே சொல்லிவிடுங்கள். காலைச் சாப்பாட்டை இந்தப் பக்கத்துச் சைவக் கடை ஒன்றில் முடியுங்கள், இடியப்பம், சொதி, சம்பல், பிளேன்ரீ.

கால் வலிக்காதவர்கள் இருந்தால் மேட்டில் ஏறி வுல்பெண்டால் தேவாலயத்தைப் பார்க்கலாம். ஒல்லாந்தர் 1749இல் கட்டத் தொடங்கியது, ஐந்தடி தடிப்புச் சுவர், தரையெல்லாம் கல்லறைக் கற்கள். வயதானவர்கள் பழைய நகர மண்டபத்தடியில் ஆறியிருக்கட்டும், அது 1873இல் கட்டியது.

பிரதான வீதியும் குறுக்குத் தெருக்களும்தான் இந்த நாளின் நடுப்பகுதி, இங்கே அவசரப்படவே கூடாது. ஒவ்வொரு குறுக்குத் தெருவிலும் ஒவ்வொரு வியாபாரம். முஸ்லிம் முதலாளிமார், சிந்தி, போரா, மேமன் வணிகர்கள், சிங்களக் கடைக்காரர், மலையகத்திலிருந்து வந்து வேலை செய்கிற தம்பிமார். ஒரே கடைக்குள் மூன்று மொழி கேட்கும், தமிழில் கேட்டால் தமிழில் பதில் வரும், பயப்படாமல் பேசச் சொல்லுங்கள். கைவண்டியில் மூட்டை இழுக்கிற நாட்டாமிமார் சத்தம் போட்டால் உடனே ஒதுங்க வேண்டும், அவர்களால் சட்டென்று நிறுத்த முடியாது. கூட்டம் பிரிந்து போகிற இடமும் இதுதான்: முன்னுக்கு நீங்கள், கடைசியில் நம்பிக்கையான இன்னொருவர், தொலைந்தால் எல்லோரும் சிவப்புப் பள்ளி வாசலுக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லி வையுங்கள்.

அந்த சிவப்புப் பள்ளி இரண்டாம் குறுக்குத் தெருவில் இருக்கிறது, ஜாமிஉல் அல்பார், தென்னிந்திய முஸ்லிம் வணிகர்கள் 1908இல் கட்டத் தொடங்கியது. சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட சுவர், மாதுளம்பழ வடிவில் கோபுரங்கள். தொழுகை இல்லாத நேரத்தில் வாசலில் நிற்பவரிடம் கேட்டால் விடுவார்கள், பெண்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட பிறகு நம் பக்கத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் பலர் பள்ளிவாசலுக்குள் கால் வைத்ததே இல்லை. நானென்றால் வேறு எந்த இடத்தை விட்டாலும் இதை விடமாட்டேன். பிள்ளைகள் என்ன கேட்டாலும் கேட்கட்டும், பள்ளியில் உள்ளவர்கள் ஆறுதலாகப் பதில் சொல்வார்கள்.

பிரின்ஸ் வீதியில் ஒல்லாந்தர் நூதனசாலை, நேரமிருந்தால் மட்டும். பிரதான வீதியின் தொடக்கத்தில் கான் மணிக்கூட்டுக் கோபுரம், பம்பாயிலிருந்து வந்த பார்சிக் குடும்பம் 1923இல் கட்டிக்கொடுத்தது. மத்தியானச் சாப்பாடு புறக்கோட்டையிலேயே, புரியாணியும் வட்டிலப்பமும். சைவக்காரருக்கு வேறு கடை பார்த்து வையுங்கள்.

வெயில் உச்சியில் நிற்கிற நேரத்தில் கூரைக்குக் கீழே இருப்பதுதான் புத்தி. 138 பஸ்ஸில் இப்போதைய நகர மண்டபத்தடியில் இறங்கி விகாரமகாதேவி பூங்காவுக்குள்ளால் நடந்தால் தேசிய நூதனசாலை, 1877இல் திறந்தது. எல்லா அறையும் பார்க்க வேண்டாம், மூன்று பொருள் போதும். முதலாவது, சீனத் தளபதி செங் ஹ 1409இல் பொறிப்பித்துக் காலிக்குக் கொண்டுவந்த மும்மொழிக் கல்: சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை எழுதியிருக்கிறது. அறுநூறு வருடத்துக்கு முதல் இந்தத் தீவுக்கு வந்த ஒருவருக்குத் தமிழிலும் எழுத வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. இரண்டாவது, பொலன்னறுவைச் சிவன் கோவில்களில் கிடைத்த நடராசரும் சுந்தரரும், சோழர் கால வெண்கலம். மூன்றாவது கண்டி அரசரின் சிம்மாசனம், 1815இல் ஆங்கிலேயர் எடுத்துப் போய் 1934இல் திருப்பிக் கொடுத்தது. அதில் கடைசியாக இருந்த அரசர் நாயக்கர் வம்சத்தவர். வெளிநாட்டுச் சொந்தக்காரர் கூட வந்தால் அவருக்கு வெளிநாட்டவர் கட்டணம், முன்னரே சொல்லிவிடுங்கள்.

பிறகு ஓட்டோக்களில் கங்காராமை விகாரைக்கு. பேரே ஏரிக்குள் இருக்கும் அதன் சீமா மாலக மண்டபத்தை 1970களில் வடிவமைத்தவர் ஜெப்ரி பாவா, பணம் கொடுத்தது மகனை இழந்த ஒரு முஸ்லிம் வணிகரும் அவர் மனைவியும். பௌத்த கோவில் என்றதும் கூட்டத்தில் சிலர் தயங்குவார்கள், ஊரில் நடப்பவற்றைப் பார்க்கும்போது அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. யாரையும் வற்புறுத்தாதீர்கள், ஏரிக்கரையில் இருக்கட்டும். பக்கத்தில் கொம்பனித்தெருவில் மலாயர் பள்ளிவாசலும் முருகன் கோவிலும் அருகருகே இருக்கின்றன.

ஐந்து மணிக்குக் காலிமுகத்திடல். இறால் வடை, அச்சாறு, பட்டம். 2022இல் அரசுக்கு எதிரான போராட்டம் நடந்த இடத்தைக் காட்டுங்கள், அந்த வருடம் மே 18 அன்று, போரில் இறந்தவர்கள் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி இந்தத் திடலில் காய்ச்சிக் கொடுக்கப்பட்டது என்பதையும் சொல்லுங்கள். தண்ணீரில் பிள்ளைகளை இறக்க வேண்டாம், அலை மோசம்.

இருட்டியதும் ஓட்டோவில் ஒருவரை அனுப்பி லொட்ஜிலிருந்து பைகளை எடுப்பித்துக்கொண்டு, மற்றவர்கள் 100 அல்லது 101 பஸ்ஸில் வெள்ளவத்தைக்குப் போய்விடுங்கள். சாப்பாட்டுக்குத் தமிழ்க் கடை நிறைய உண்டு. திரும்பும் பஸ்ஸில் இடத்தைப் போகும்போதே பதிந்து வையுங்கள், சனிக்கிழமை இரவில் கடைசி நேரத்தில் பத்து இடம் சேர்ந்து கிடைக்காது. ஏறியதும் தலையை எண்ணுங்கள், மாங்குளத்திலும் புளியங்குளத்திலும் இறங்குகிறவர்களை நடத்துநரிடம் சொல்லிவிட்டு நீங்களும் நித்திரை கொள்ளுங்கள்.