வருஷா வருஷம் வர்ற அதே நாளுக்கு ஒரு ஆல்பம்: எங்கெல்லாம் சொதப்புறோம்

பிறந்தநாள், ஸ்கூல் முதல் நாள், விழுந்த பல்லு, சுவத்துல கோடு போட்டு அளந்த உயரம்னு குழந்தைக்குத் திரும்பத் திரும்ப வர்ற விஷயங்களை மட்டும் வச்சு ஒரு ஸ்க்ராப்புக், அதாவது போட்டோவும் குறிப்பும் ஒட்டி வைக்கிற ஆல்பம், போடணும்னு நிறைய பேரு ஆசையா ஆரம்பிக்கிறாங்க, மூணாவது பக்கத்தோட அது நின்னு போயி அலமாரி மேல ஏறிடுது. கேட்டா நேரம் இல்லன்னு சொல்லுவாங்க. நேரம் எல்லாம் இல்ல, ஆரம்பத்துலயே ரொம்பப் பெருசா பிளான் பண்றதுதான் பிரச்சனை.

முதல் தப்பே எல்லாத்தையும் ஒரே ஆல்பத்துல திணிக்கிறது. ஒண்ணை எடுங்க, அது போதும். பல்லு ஆல்பம்னே வச்சுக்கோங்க, பால் பல்லு மொத்தம் 20, பெரும்பாலும் 6 வயசு வாக்குல கீழ் முன்பல்லுல ஆரம்பிச்சு 12 வயசு வாக்குல முடியும், பக்கத்துக்கு 4 பல்லுன்னா 5 பக்கத்துல வேலை முடிஞ்சது. எங்க முடியும்னு முன்னாடியே தெரிஞ்ச ஆல்பத்தைத்தான் மனுஷன் முடிப்பான்.

அடுத்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் புதுசா ஒரு டிசைன் யோசிக்கிறது. மத்த ஸ்க்ராப்புக்குக்கு அது சரியா இருக்கலாம், இதுக்கு வேணாம். இந்த ஆல்பத்தோட சுவாரஸ்யமே பக்கத்தைப் புரட்டும்போது என்ன மாறியிருக்குன்னு பாக்குறதுதான், பார்டரும் கலரும் ஸ்டிக்கரும் வருஷா வருஷம் மாறிச்சுன்னா கண்ணு அங்க போயிடும், பிள்ளை மேல போகாது. போட்டோவுக்கும் இதே கதைதான், அதே கதவு, அதே தூரம், கேமராவும் அதே உயரம். ஒரு வருஷம் கிட்டப் போயி எடுத்துட்டு அடுத்த வருஷம் தள்ளி நின்னு எடுத்தா பிள்ளை வளர்ந்துச்சா குறைஞ்சுச்சான்னே தெரியாது, அதனால பக்கத்துல கதவோ நாற்காலியோ மாறாத ஒரு பொருள் ஃப்ரேம்ல இருக்கட்டும்.

நல்லா வர்ற ஒரு பக்கம் எப்படி இருக்கும்னா, மேல ஒரு 4க்கு 6 இன்ச் போட்டோ, கீழ பிள்ளையோட கையை வச்சு பென்சில்ல வரைஞ்ச அவுட்லைன், ஓரத்துல மூணே மூணு கேள்வி. எது பிடிக்கும், எதுக்கு பயம், பெரியவனானா என்ன ஆகப்போற, அவ்ளோதான், எல்லா வருஷமும் அதே மூணு. அவுட்லைன் வரையும்போது பென்சிலை நேரா நிறுத்திப் பிடிங்க, சாய்ச்சுப் பிடிச்சா ஒரு வருஷம் விரலுக்கு உள்ள போயிடும், ஒரு வருஷம் வெளிய போயிடும், அப்புறம் 5 வயசுக் கை 6 வயசுக் கையை விடப் பெருசா நிக்கும். பதிலைப் பிள்ளையே எழுதட்டும், எழுத வராட்டி சொன்னதை அப்படியே எழுதுங்க. எழுத்துப்பிழையைத் திருத்துறது, "எங்க வீட்டு தேவதை"ன்னு நாமளா ஒரு கேப்ஷன் போடுறது, ரெண்டுமே தேவையில்லாத வேலை. பயம் எதுக்குன்னு கேட்டா "கட்டிலுக்கு அடியில இருக்குற செருப்பு"ன்னு சொல்லுச்சுன்னா அதுதான் தங்கம், அதைப் போயி யாராவது திருத்துவாங்களா?

தேதி எழுதாம விடுறதை நான் பெரிய தப்புன்னுதான் சொல்லுவேன். போன்ல இருக்கும்ல, அப்புறம் பாத்துக்கலாம்னு விடுவாங்க. வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பும்போது எடுத்த தேதி உள்ள இருந்து போயிடும், படமும் சுருங்கித்தான் வரும். 4க்கு 6 சைஸ்ல 300 டிபிஐக்கு, அதாவது ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி வர்ற மாதிரி, பிரிண்ட் போட 1200க்கு 1800 பிக்சல் வேணும், அதனால சொந்தக்காரங்க எடுத்த போட்டோவை டாக்குமெண்ட்டா அனுப்பச் சொல்லி வாங்குங்க. இன்னொண்ணு, தேதியை பால்பாயிண்ட் பேனாவுல போட்டோ பின்னாடி அழுத்தி எழுதாதீங்க, முன்பக்கம் தடிச்சுத் தெரியும், அடுக்கி வச்சா மை அடுத்த போட்டோ மூஞ்சியில ஒட்டும். ஆல்பம் பக்கத்துலயே சீக்கிரம் மங்காத பிக்மெண்ட் இங்க் பேனாவுல எழுதிடுங்க.

இப்ப ஒட்டுற விஷயம், இங்கதான் சேதாரம் ஜாஸ்தி. பக்கம் முழுக்கப் பசையும் மேல மூடுறதுக்கு ஒரு பிளாஸ்டிக் ஷீட்டும் இருக்குற ஆல்பம் பாக்க ஈஸியாத்தான் இருக்கும், ஆனா வருஷம் போகப் போக அந்தப் பசை மஞ்சளாகி போட்டோவைக் கெட்டியாப் பிடிச்சுக்கும், உருவினா கிழியும். ஏற்கனவே அப்படி மாட்டியிருந்தா பல்லிடுக்கு சுத்தம் பண்ற ஃப்ளாஸ் நூலை போட்டோவுக்குப் பின்னாடி விட்டு மெதுவா அறுத்தெடுங்க, அதுக்கு முன்னாடி பக்கத்தை அப்படியே ஒரு போட்டோ எடுத்து வச்சிடுங்க. செல்லோடேப்பும் வேணாம், அதுவும் மஞ்சளாகும். போட்டோ கார்னர்னு பக்கத்துல ஒட்டுற சின்ன முக்கோண உறை போதும், அதுல போட்டோவோட நாலு மூலையையும் சொருகினா எப்ப வேணா எடுக்கலாம். பேப்பர் ஆசிட் ஃப்ரீ, லிக்னின் ஃப்ரீன்னு போட்டிருக்கான்னு பாருங்க, நியூஸ்பேப்பர் வெயில்ல மஞ்சளாகுதுல்ல, அதுக்குக் காரணமே மரத்துல இருந்து பேப்பருக்கு வர்ற இந்த லிக்னின்தான். போட்டோ போடுற பிளாஸ்டிக் கவர் பிவிசில வேணாம், பாலிப்ரொப்பிலீனோ பாலியஸ்டரோன்னு போட்டிருக்குறதா இருக்கட்டும். இதெல்லாம் ஓவரா இல்லயான்னு கேக்கலாம், 12 வருஷம் சேக்கப்போற பொருளுக்கு ஓவர் இல்ல.

முதல் பக்கத்துல கர்ப்பகால ஸ்கேன் படத்தை வைக்கணும்னு தோணும். அது பெரும்பாலும் சூடு பட்டா கருக்குற தெர்மல் பேப்பர், பத்திரமா இருக்கட்டும்னு லேமினேட் பண்ணப் போனா மெஷின் சூட்டுலயே கருப்பாயிடும், சும்மா வச்சாலும் மங்கிடும். காப்பி எடுத்து அந்தக் காப்பியை ஒட்டுங்க.

பட்டன், ரிப்பன், தடியான ஸ்டிக்கர் எல்லாம் ஒட்டினா ஆல்பம் மூடாது, எதிர்ப்பக்க போட்டோல பள்ளம் விழும். நிஜப் பல்லை ஒட்டணும்னு யாருக்காவது ஐடியா இருந்தா தயவுசெஞ்சு வேணாம், சின்ன டப்பால போட்டுட்டு பக்கத்துல போட்டோ மட்டும் போதும்.

ஒரு வருஷம் விட்டுப் போச்சுன்னா? நிறைய பேரு அங்கதான் மொத்தமா கைவிடுறாங்க, இல்லாட்டி ரெண்டு மாசம் கழிச்சு அதே டிரஸ்ஸை மாட்டி போலியா ஒண்ணு எடுக்குறாங்க. ரெண்டும் வேணாம். "காய்ச்சல், போட்டோ எடுக்கல"ன்னு தேதியோட ஒரு வரி எழுதி பக்கத்தைக் காலியா விடுங்க, சிரிச்சு நிக்கிற போட்டோவை விட அந்தப் பக்கத்துல நின்னு பாக்குறவங்க ஜாஸ்தி.

பிள்ளை கொஞ்சம் பெருசானதும் எந்த போட்டோ வைக்கலாம்னு அதையே கேளுங்க, நமக்கு அழகா இருக்குற அழுமூஞ்சி அதுக்கு அவமானமா இருக்கும். ரெண்டாவது பிள்ளை இருந்தா, எல்லா வீட்லயும் அதுக்கு ஆல்பம் ஒல்லியாத்தான் இருக்கும்ங்கிறது வேற கதை, ரெண்டு பேருக்கும் ஒரே மாடல் ஆல்பமும் பக்கமும் சேத்தே வாங்கி வச்சிடுங்க, நாலு வருஷம் கழிச்சுத் தேடினா அந்த சைஸ் கிடைக்காது.