குளியலறைச் சுவரில் ஷாம்பு டிஸ்பென்சர்: மாட்டும் முன் கவனிக்க

ஷாம்பு, கண்டிஷனர், பாடி வாஷ் பாட்டில்கள் காலில் இடறுகின்றனவா? சுவரில் மாட்டும் டிஸ்பென்சர், அதாவது ஒவ்வொன்றுக்கும் தனி அறையும் பொத்தானை அழுத்தினால் திரவம் தரும் பம்பும் உள்ள பெட்டி, நல்ல தீர்வு. ஆனால் முதலில் எடையைப் பாருங்கள். 400 மி.லி. கொள்ளும் மூன்று அறைகள் நிரம்பினால் திரவம் மட்டுமே சுமார் 1.2 கிலோ, பொத்தானை அழுத்தும் விசை வேறு. அதனால் துளையிட்டுத் துருப்பிடிக்காத திருகாணி போடுவதே என் கட்சி. ஒட்டத்தான் வேண்டுமென்றால், வழவழப்பான டைலின் நடுவில், சோப்புப் படலத்தை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு சிலிக்கான் பசையால் ஒட்டுங்கள். 24 மணி நேரம் எதையும் நிரப்பாதீர்கள்.

ஷவர் நேராக விழும் இடம் வேண்டாம். மூடியின் இடுக்கில் நீர் இறங்கி ஷாம்பு நீர்த்துப்போகும்.

கெட்டியான கண்டிஷனர்தான் பெரிய தலைவலி. குறுகிய குழாயுள்ள பம்ப் அதை இழுக்கத் திணறும்; அகன்ற குழாயாகப் பாருங்கள்.

முகமெல்லாம் நுரையாக இருக்கும்போது லேபிளை யார் படிப்பது? ஷாம்பு பொத்தானில் ஒரு சிலிக்கான் பொட்டு, கண்டிஷனரில் இரண்டு வையுங்கள், விரலே கண்டுபிடித்துவிடும்.

அறைகள் தனித்தனியாகக் கழற்றக்கூடியவையாக, பிரஷ் நுழையும் அளவுக்கு வாய் அகன்றிருக்கட்டும். மீதமிருப்பதன் மேலேயே புதிதை ஊற்றினால் கிருமிகள் பெருக இடமுண்டு. கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகே நிரப்புங்கள்.