சுற்றுலாக் கப்பல் ஏறப் போகிறீர்களா?

ராயபுரத்துக்காரர்களுக்குச் சென்னைத் துறைமுகம் கூப்பிடு தூரம்தான். ஆனாலும் கன்டெய்னர் லாரி வரிசையை நினைத்துச் சீக்கிரம் கிளம்புங்கள். பெரிய பெட்டியை ஏறும்போதே வாங்கிக்கொள்வார்கள். அறைக்கு வரச் சில மணி நேரம் ஆகலாம். மாத்திரை, பாஸ்போர்ட், ஒரு மாற்றுத்துணி தோள்பையிலேயே இருக்கட்டும். இஸ்திரிப் பெட்டி வேண்டாம், தீ அபாயம் என்று வாங்கி வைத்துவிடுவார்கள்.

வழியில் ஊர் சுற்ற இறங்கும்போதுதான் உஷார். கப்பல் கிளம்பும் நேரம் வேறு, எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் வேறு. பெரும்பாலும் அரை மணியாவது முந்தும். கப்பல்காரர்கள் ஏற்பாடு செய்த சுற்றுலா தாமதமானால் பொதுவாகக் காத்திருப்பார்கள். நாமே ஆட்டோ பிடித்துப் போனால்? டாட்டாதான். அப்புறம், கப்பல் கடிகாரமும் கரைக் கடிகாரமும் ஒன்றா என்று இறங்கும் முன் கேளுங்கள். துறைமுக முகவரின் (அந்த ஊரில் கப்பல் நிறுவனத்தின் ஆள்) எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், போனில் சார்ஜ் தீர்ந்தாலும் கையில் இருக்கும்.