பெரிய ஓ.ஐ. எல்லாம் சுவர் இல்லை: ஆப்ஷன் செயினில் சப்போர்ட், ரெசிஸ்டன்ஸ் பார்ப்பது எப்படி?

"கால் பக்கம் எந்த ஸ்ட்ரைக்கில் ஓபன் இன்ட்ரெஸ்ட் அதிகமோ அது ரெசிஸ்டன்ஸ், புட் பக்கம் எதில் அதிகமோ அது சப்போர்ட்." ஆப்ஷன் பக்கம் எட்டிப்பார்க்கிற எல்லோருக்கும் முதல் நாளே கிடைக்கிற சூத்திரம் இது. (ஓபன் இன்ட்ரெஸ்ட், சுருக்கமாக ஓ.ஐ.: இன்னும் முடிக்கப்படாமல் இருக்கும் ஒப்பந்தங்களின் எண்ணிக்கை. ரெசிஸ்டன்ஸ்: ஏற்றம் தடைபடும் விலை. சப்போர்ட்: இறக்கம் தாங்கப்படும் விலை.) எனக்கும் கிடைத்தது. சில மாதம் அதை மட்டும் நம்பி வர்த்தகம் செய்தேன். பல நாள் பலித்தது. பலிக்காத நாட்கள், பலித்த நாட்களில் வந்ததையும் சேர்த்து வாரிக்கொண்டு போயின. சூத்திரம் தப்பில்லை, அரைகுறை. விட்டுப்போன பாதியைத்தான் இங்கே எழுதுகிறேன். கால், புட், ஸ்ட்ரைக், பிரீமியம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: சரியான செயினைத் திறங்கள்

செயின் என்றால் ஒரு பங்கின் எல்லா ஸ்ட்ரைக்குக்கும் விவரம் தரும் அட்டவணை. மிக அருகில் இருக்கும் எக்ஸ்பைரியை (ஆப்ஷன் முடிவடையும் தேதி) எடுங்கள். தூரத்து மாத ஓ.ஐ. இன்றைய விலையைப் பெரிதாக அசைக்காது. வண்ணப் பட்டைகளாக வரைந்து காட்டும் தளங்கள் எனக்குப் பிடிக்காது; பச்சை, சிவப்பைப் பார்த்ததும் கை தானாக ஆர்டர் பட்டனுக்குப் போய்விடுகிறது. சந்தையின் சொந்தத் தளத்தில் இருக்கும் செயினும் ஒரு சாதாரண எக்செல் தாளும் போதும்.

படி 2: ஐந்து ஸ்ட்ரைக்கை மட்டும் குறியுங்கள்

தற்போதைய விலைக்கு ஒட்டிய ஒன்று, மேலே இரண்டு, கீழே இரண்டு. ஒவ்வொன்றிலும் காலுக்கும் புட்டுக்கும் ஓ.ஐ., ஓ.ஐ. மாற்றம், பிரீமியம். கூடவே அந்த நேரத்துப் பங்கு விலையையும் எழுதுங்கள். அது இல்லையென்றால் படி 4 நடக்காது. அரை மணிக்கு ஒரு முறை. சந்தை திறந்த முதல் அரை மணியை நான் விட்டுவிடுவேன், இரைச்சல் அதிகம்.

வால்யூமும் (அன்றைக்குக் கைமாறிய மொத்த அளவு) ஓ.ஐ.யும் ஒன்றல்ல. இருவர் புதிதாக ஒப்பந்தம் போட்டால் ஓ.ஐ. ஒன்று கூடும். இருவரும் பழையதை முடித்தால் ஒன்று குறையும். ஒருவர் முடித்து இன்னொருவர் நுழைந்தால் ஓ.ஐ. அசையாது; வால்யூம் மட்டும் ஏறும்.

படி 3: மொத்தத்தை விட மாற்றம் முக்கியம்

ஒரு கற்பனைக் கணக்கு. பங்கு 1,000-ல் இருக்கிறது. 1,040 காலில் ஓ.ஐ. 52,000, இன்றைய மாற்றம் கழித்தல் 6,000. 1,020 காலில் 48,000, மாற்றம் கூட்டல் 19,000. மொத்தத்தைப் பார்ப்பவர் 1,040-ஐத் தடை என்பார். ஆனால் அங்கே ஆட்கள் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள்; புதுக் கூட்டம் 1,020-ல் சேருகிறது. இன்றைக்குக் கவனிக்க வேண்டியது 1,020.

படி 4: அந்த ஓ.ஐ. யாருடையது?

நான் வழுக்கி விழுந்த இடம் இது, அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

ஒருநாள் ஒரு பங்கு 1,030-ஐ ஒட்டி ஆடிக்கொண்டிருந்தது. 1,040 காலில் ஓ.ஐ. மற்ற எல்லாவற்றையும் விட அதிகம். மாற்றமும் கூடிக்கொண்டே போனது: காலை 41,000, மதியம் 52,000. சுவர் உயர்கிறது என்று நினைத்து நானும் அந்தக் கால் ஆப்ஷனை விற்றேன். பிற்பகலில் விலை 1,040-ஐத் தாண்டியது, நிற்கவே இல்லை. சுவர் என்று நினைத்த இடத்தில் வேகம் இரட்டிப்பானது.

இரவு தாளை விரித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. 11 மணிக்குப் பங்கு 1,030, அந்தக் காலின் பிரீமியம் 9. மதியம் 1 மணிக்குப் பங்கு மறுபடி அதே 1,030, கால் 12. இரண்டு மணி நேரம் கரைந்திருக்கிறது, பங்கு அதே இடம். நியாயமாகப் பிரீமியம் கொஞ்சம் இறங்கியிருக்க வேண்டும். ஏறியிருக்கிறது. அப்படியென்றால் ஓ.ஐ.யைக் கூட்டியது அவசரமாக வாங்கியவர்கள், விற்றவர்கள் அல்ல.

ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் வாங்கியவர் ஒருவர், விற்றவர் ஒருவர் இருப்பார்கள். ஓ.ஐ. இருவரையும் சேர்த்து ஒன்றாகத்தான் எண்ணுகிறது. அதனால் பார்க்க வேண்டியது பிரீமியம் எந்தப் பக்கம் போனது என்பதை. பங்கு விலை ஒரே இடத்துக்குத் திரும்பி வரும் இரண்டு நேரங்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓ.ஐ. ஏறி, பிரீமியம் நன்றாக இறங்கியிருந்தால் விற்பவர் கை ஓங்கியிருக்கிறது. அந்த ஸ்ட்ரைக்கைச் சுவராக எடுத்துக்கொள்ளலாம்.

ஓ.ஐ. ஏறி, பிரீமியமும் ஏறியிருந்தால் வாங்குபவர் கை ஓங்கியிருக்கிறது. சுவர் என்று சாயாதீர்கள்.

ஓ.ஐ. இறங்கி, பிரீமியம் ஏறியிருந்தால் விற்றவர்கள் பயந்து திரும்ப வாங்குகிறார்கள். சுவர் உடையும் அறிகுறி.

ஓ.ஐ. இறங்கி, பிரீமியமும் இறங்கியிருந்தால் வாங்கியவர்கள் கைவிட்டுப் போகிறார்கள்.

ஏன் இப்படி? "பெரிய கைகள் தங்கள் ஸ்ட்ரைக்கைக் காப்பாற்றும்" என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. பங்கைக் கையில் வைத்துக்கொண்டு கால் விற்றவருக்கு விலை ஏறினால் என்ன கவலை? எனக்குப் புரிகிற காரணம் ஹெட்ஜிங், அதாவது ஒரு பக்க நஷ்டத்தை மறுபக்க வர்த்தகத்தால் ஈடுகட்டுவது. பொதுமக்கள் நிறைய கால் விற்றால், எதிர்ப்பக்கம் அவற்றை வாங்கி வைத்திருப்பவர் மார்க்கெட் மேக்கர் (எப்போதும் இரு பக்கமும் விலை சொல்லி, வாங்கவும் விற்கவும் தயாராக இருப்பவர்). தன் டெல்டாவைச் (பங்கு ஒரு ரூபாய் நகர்ந்தால் ஆப்ஷன் எவ்வளவு நகரும் என்ற அளவு) சமன் செய்ய, பங்கு ஏற ஏற அவர் பங்கை விற்க வேண்டும், இறங்க இறங்க வாங்க வேண்டும். விலை ஸ்ட்ரைக்கை ஒட்டியே சுற்றும். பொதுமக்கள் வாங்கியிருந்தால் எல்லாம் தலைகீழ்: பங்கு ஏற ஏற அவரும் வாங்கியாக வேண்டும். அன்று 1,040-க்கு மேல் கிடைத்த வேகத்துக்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். புட் பக்கமும் இதே கதைதான், வேகம் மட்டும் கீழ்ப்பக்கம்.

எக்ஸ்பைரி நெருங்கும்போது இந்த இழுப்பு கூடும். ஸ்ட்ரைக்கைச் சுற்றிச் சில புள்ளிகளுக்குள்ளேயே டெல்டா பூஜ்ஜியத்துக்கும் ஒன்றுக்கும் இடையே தாவுகிறது. நீ, பியர்சன், போடெஷ்மன் என்ற மூவர் 2005-ல் வெளியிட்ட ஆய்வு, ஆப்ஷன் உள்ள பங்குகள் எக்ஸ்பைரி நாளில் ஸ்ட்ரைக் விலையை ஒட்டி முடியும் போக்கைக் காட்டியது. ஹெட்ஜிங்கும் அதற்கு ஒரு காரணம் என்பது அவர்கள் முடிவு.

படி 5: கோடு போடாதீர்கள், பட்டை போடுங்கள்

1,020 கால் ஆப்ஷனை 6 பிரீமியத்துக்கு விற்றவருக்கு எக்ஸ்பைரியில் நஷ்டம் தொடங்குவது 1,026-க்கு மேல்தான். ஆக ரெசிஸ்டன்ஸ் 1,020 முதல் 1,026 வரை. 980 புட்டை 5-க்கு விற்றிருந்தால் சப்போர்ட் 980-லிருந்து 975 வரை. விலை 1,021 ஆனதும் "உடைந்துவிட்டது" என்று பாய்ந்து வாங்கிய அனுபவமும் எனக்கு உண்டு. அதை இன்னொரு நாள் சொல்கிறேன்.

மேக்ஸ் பெயின் (ஆப்ஷன் வாங்கியவர்களுக்கு மொத்தமாக அதிக நஷ்டம் தரும் எக்ஸ்பைரி விலை), பி.சி.ஆர். (புட்-கால் விகிதம்) பற்றி எழுதவில்லையே என்று கேட்பீர்கள். செயின் முழுவதையும் ஒரே எண்ணாகச் சுருக்கினால் படி 4-ல் பார்த்த விவரம் காணாமல் போகிறது. நான் பார்ப்பதில்லை.

பின்சேர்க்கை 1: பங்கு விலை பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லையென்றால் என்ன செய்வது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. ஒரே பக்கமாக ஓடும் நாளில் கால் பிரீமியம் எல்லாம் ஏறும், புட் பிரீமியம் எல்லாம் இறங்கும்; என் நான்கு வரிகளும் பொய் சொல்லும். அப்போது பிரீமியத்துக்குப் பதில் அந்த ஸ்ட்ரைக்கின் ஐ.வி.யை, அதாவது பிரீமியத்தில் அடங்கியிருக்கும் எதிர்பார்ப்பு ஏற்ற இறக்க அளவைப் பாருங்கள். அதிலும் ஒரு சிக்கல்: காலாண்டு முடிவு அறிவிப்பு போல ஏதாவது வரவிருந்தால் ஐ.வி. எல்லா ஸ்ட்ரைக்கிலும் சேர்ந்தே ஏறும். பக்கத்து ஸ்ட்ரைக்குகளை விட ஒன்றில் மட்டும் தனியாக ஏறினால்தான் சேதி.

பின்சேர்க்கை 2: "அமெரிக்கப் பங்குகளுக்கு ஓ.ஐ. நாள் முழுக்க அசையவே இல்லை" என்று ஒருவர் எழுதியிருந்தார். அங்கே அப்படித்தான், நாளுக்கு ஒரு முறை மட்டும் புதுப்பிக்கிறார்கள். இந்தியாவில் என்.எஸ்.இ. தளத்தில் சந்தை நடக்கும்போதே மாறும். அமெரிக்கச் சந்தைக்கு அரை மணிக் கணக்கு உதவாது, நேற்றையதோடு இன்றையதை ஒப்பிடுங்கள்.

பின்சேர்க்கை 3: சில தளங்கள் ஓ.ஐ.யை ஒப்பந்தக் கணக்கில் தருகின்றன, சில பங்குக் கணக்கில். காலை நேரத்துக் கணக்கை ஒரு தளத்திலிருந்தும் மதியக் கணக்கை இன்னொன்றிலிருந்தும் எடுத்து எழுதிய நண்பருக்கு, ஓ.ஐ. திடீரென்று பல மடங்கு எகிறியது போல் தெரிந்திருக்கிறது. எந்தத் தளம் என்பதைத் தாளின் தலைப்பிலேயே எழுதி வையுங்கள்.