பாண்டோகிராஃபும் தொடுகம்பியும்: அதிர்வுக்கான கணினி மாதிரியை அமைக்கும் முறை

மின்ரயிலின் கூரையிலுள்ள மடக்குக் கையான பாண்டோகிராஃப், தண்டவாளத்துக்கு மேலே செல்லும் மின்கம்பியான தொடுகம்பியைக் கீழிருந்து அழுத்தி உரசியபடியே மின்சாரத்தைப் பெறுகிறது. அழுத்தம் குறைந்தால் தொடர்பு விட்டுப்போய்த் தீப்பொறி பறக்கும். மிகுந்தால் கம்பியும், அதை உரசும் பாண்டோகிராஃபின் கரிப்பட்டையும் விரைவில் தேயும். இந்தத் தொடுவிசை எவ்வாறு ஏறி இறங்குகிறது என்பதையே மாதிரி கணித்துத் தர வேண்டும்.

முதலில் கம்பியின் அலைவேகத்தைக் கணக்கிடுங்கள். இழுவிசையை ஒரு மீட்டர் கம்பியின் நிறையால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் போதும். 150 சதுர மி.மீ. செப்புக் கம்பி மீட்டருக்கு ஏறத்தாழ 1.33 கிலோ இருக்கும். இழுவிசை 25 கிலோநியூட்டன் எனில் அலைவேகம் நொடிக்கு 137 மீட்டர், அதாவது மணிக்கு 490 கி.மீ.க்குச் சற்று மேல். ரயிலின் வேகம் இதில் 70 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்பது ஐரோப்பிய வழக்கம். 2007 ஏப்ரலில் பிரான்சின் டிஜிவி ரயில் 574.8 கி.மீ. வேகத்தைத் தொட்ட சோதனைக்கு இழுவிசை 40 கிலோநியூட்டனாக உயர்த்தப்பட்டது. இல்லையெனில் ரயில் தான் எழுப்பிய அலையையே முந்தியிருக்கும்.

அடுத்து, தொடுகம்பியையும் அதைத் தாங்கும் மேல்கம்பியையும் இழுவிசைக்கு உட்பட்ட, வளையும் உத்திரங்களாகக் கருதிச் சிறு கூறுகளாகப் பிரியுங்கள். இரண்டையும் இணைக்கும் செங்குத்துச் சிறுகம்பிகளான டிராப்பர்கள் இழுவிசையை மட்டுமே தாங்கும். பாண்டோகிராஃப் கம்பியைத் தூக்கும்போது அவை தொய்ந்துவிடும். அவற்றை இழுப்பையும் அழுத்தத்தையும் தாங்கும் சாதாரண சுருள்வில்லாக எழுதிவிட்டால், பிற அனைத்தும் சரியாக இருந்தாலும் விடை பிழையாகும். ரயிலை ஓடவிடும் முன், கம்பிகள் தம் எடையால் தொங்கும் நிலையான வடிவத்தைக் கண்டறிந்தாக வேண்டும்.

பாண்டோகிராஃபுக்கு, சுருள்வில்களாலும், அதிர்வை அடக்கும் தணிப்பிகளாலும் இணைந்த மூன்று நிறைகள் போதுமானவை. தொடுகையை மீட்டருக்கு 50,000 நியூட்டன் அளவிலான விறைப்புள்ள சுருள்வில்லாகக் கொண்டு, இடைவெளி விழும்போது விசையைச் சுழியமாக்குங்கள். நேரக் கணக்கீட்டுக்கு, நேரத்தைச் சிறு படிகளாக நகர்த்திக் கணிக்கும் நியூமார்க் முறை ஏற்றது. முனைகளிலிருந்து திரும்பும் அலைகள் கலக்காதிருக்க, பல கம்ப இடைவெளிகளை அமைத்து நடுப்பகுதியை மட்டும் மதிப்பிடுங்கள்.

விடையில் 20 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வுகளை வடிகட்டி நீக்குவது மரபு. 300 கி.மீ. வேகத்தில் 50 மீட்டர் கம்ப இடைவெளி 1.7 ஹெர்ட்ஸிலும், 5 மீட்டர் டிராப்பர் இடைவெளி 17 ஹெர்ட்ஸிலும் தெரியும். ஆகவே வரம்பைக் குறைத்தால் டிராப்பர்களின் விளைவே மறைந்துபோகும். சராசரி விசை பொருந்துவதைக் கண்டு மகிழ வேண்டாம். அது பெரும்பாலும் நீங்கள் உள்ளிட்ட தூக்குவிசையே. திட்டவிலக்கம் சராசரியில் 0.3 பங்குக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். இரண்டு பாண்டோகிராஃப்கள் உயர்ந்திருந்தால், முன்னது கிளப்பிய அலையின் மீது பின்னது ஓடுவதால், அவற்றின் இடைத்தூரத்தை மாற்றி மாற்றிக் கணக்கிட்டுப் பின்னதன் திட்டவிலக்கத்தைத் தனியே சோதியுங்கள்.